நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்?

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடக்கும் வாரத்தில் எங்கள் பள்ளி வராந்தாவில் எனக்கு ஒரு மேசை போட்டுவிடுவார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த குரூப் என்று பெற்றோரிடம் பேசி எழுதுவது என் வேலை. காவிரிக்கு இந்தக் கரையில் குமாரபாளையம், அந்தக் கரையில் பவானி. இரண்டு ஊரிலும் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. இயற்பியல் வாத்தியாராக 26 வருடம், அதில் இந்த மேசையில் 16 வருடம் ஓடிவிட்டது.

பத்து வருடத்துக்கு முன்னால் ஓர் அப்பா வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். ராத்திரி ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார், சட்டைத் தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“கம்ப்யூட்டர் குரூப் போடோணுங்க சார். பையனை எப்படியாச்சும் இன்ஜினீயர் ஆக்கிப்போடோணும்.”

பையன் என்னைப் பார்க்கவே இல்லை. மேலே ஓடாமல் நின்றிருந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ என்ன ஆகணும்னு இருக்கே கண்ணு?”

“தெரியல சார்.”

முக்கால்வாசிப் பிள்ளைகள் சொல்லும் பதில் இதுதான். மீதிப் பேர் டாக்டர், கலெக்டர் என்று மனப்பாடமாக ஒன்றைச் சொல்வார்கள். எனக்கு அலுத்துப்போய், “சரி, நேத்து சாயங்காலம் என்ன பண்ணே, அதையாவது சொல்லு” என்றேன்.

“சித்தப்பா வீட்டு ஃபேனுக்கு கண்டென்சர் மாத்துனேன் சார். இதுக்கும் அதான் போயிருக்கும். ஒரு தள்ளு தள்ளிவிட்டா சுத்தும் பாருங்க.” பெஞ்சு மேல் ஏறி, குச்சியால் ஒரு தள்ளு தள்ளினான். ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அப்பாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. “இதே பொழப்புங்க சார் இவனுக்கு. புஸ்தகத்தைத் தொடமாட்டான்.”

அன்றிலிருந்து யாரிடமும் நான் ‘என்ன ஆகப்போறே’ என்று கேட்பதில்லை. நேற்று சாயங்காலம் என்ன செய்தாய் என்றுதான் கேட்கிறேன். ஒரு வழிமுறையும் கைவசம் ஆகியிருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டும் இரண்டு மாதமும்தான். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், பிள்ளையே தனியாகவும் செய்யலாம்.

முதல் பத்துப் பக்கம்: வீட்டு ஆட்கள்

தாத்தா, பாட்டி, அம்மாயி, அப்பச்சி, அப்பா, அம்மா, தாய்மாமன், சித்தப்பா, அத்தை என்று ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று விஷயம் எழுத வேண்டும். என்ன வேலை செய்தார், அதற்கு எப்படி வந்தார், எதைச் செய்ய ஆசைப்பட்டு விட்டுவிட்டார். மூன்றாவதைக் கேட்டு வாங்குவதுதான் சிரமம். பாட்டிகளிடம் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். பூண்டு உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கூட உரித்துக்கொண்டே கேட்டால் சொல்வார்கள்.

என் வீட்டுப் பக்கத்தையே காட்டுகிறேன். என் தாத்தா பவானியில் ஜமக்காளம் நெய்தவர், அப்பாவும் அதே. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் குழித்தறி. அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊடு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிவிட்டு நெய்ய வேண்டும். அப்பாவுக்கு ஜோடியாக உட்கார்ந்தது பெரியப்பா. அம்மா நாடாவுக்குள் வைக்கும் நூலைத் தாராகச் சுற்றுவார், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் சுற்றுவேன். அப்பா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வார்த்தை: கவர்மென்ட் வேலை.

எனக்கு அப்போது டேப் ரெக்கார்டர் பைத்தியம். பெல்ட் அறுந்தது, ஹெட் தேய்ந்தது, மோட்டார் நின்றது என்று தெருவில் யார் வீட்டில் எது கெட்டாலும் என் கைக்கு வரும். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்கிறேன் என்றேன். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பி.எஸ்சி., பி.எட்., வாத்தியார் வேலை. மூன்று வருடம் நானும் அவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அதிகாரத்துக்கும் கௌரவத்துக்கும் ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன்.

காரணம் மழை என்பது எனக்கு நாற்பது வயதில்தான் புரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். காலை வைக்க முடியாது, தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டு அடுப்பு யோசித்துத்தான் எரியும். கவர்மென்ட் வேலை என்று அவர் சொன்னதற்கு ‘மழை பெய்தாலும் வருகிற சம்பளம்’ என்று அர்த்தம். அன்றைக்கே அது தெரிந்திருந்தால், டிப்ளமோ படித்தாலும் மின்வாரியத்துக்கும் தொலைபேசித் துறைக்கும் பரீட்சை எழுதலாம், அங்கேயும் மாசம் ஒன்றாம் தேதி சம்பளம் வரும் என்று சொல்லியிருப்பேன். பொருட்காட்சிக்குக் கூட்டிப்போகச் சொல்கிற பிள்ளை மாதிரி அழுது அடம்பிடித்திருக்க மாட்டேன். வாத்தியார் வேலை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் பீரோவில் இன்னும் மூன்று டேப் ரெக்கார்டர் பிரித்தபடி கிடக்கிறது.

ஆகவே முதல் பத்துப் பக்கத்தை எழுதியபின் தேட வேண்டியது இதைத்தான்: வீட்டில் சொல்லப்படும் வேலைப் பெயருக்குப் பின்னால் என்ன பயம் உட்கார்ந்திருக்கிறது? ‘டாக்டர்’ என்பார்கள், அந்த வீட்டில் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்திருப்பார். ‘வெளிநாடு’ என்பார்கள், கந்துவட்டிக் கடன் இருக்கும். ‘பொண்ணுக்கு டீச்சர் வேலை போதும்’ என்றால் மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பாத வேலையைப் பற்றிய பயம். பயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்குப் பதில் சொல்ல நான்கைந்து வழி கிடைக்கும். வேலைப் பெயரோடு மல்லுக்கட்டினால் கிடைப்பது ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான்.

அடுத்த பதினைந்து பக்கம்: சாயங்காலங்கள்

பதினைந்து நாள். தினமும் ராத்திரி ஒரு பக்கம். பள்ளி விட்டதிலிருந்து தூங்கும் வரை யாரும் சொல்லாமல் செய்தது என்ன, எவ்வளவு நேரம் செய்தான், நடுவில் எது எரிச்சலாக இருந்தது, இருந்தும் விடாமல் செய்தானா? இவ்வளவுதான். பிள்ளை எழுதினால் பெரியவர்கள் படித்துத் திருத்தக் கூடாது, ‘இதெல்லாம் ஒரு வேலையா’ என்ற வாக்கியம் பதினைந்து நாளைக்கு வீட்டுக்குள் வரக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தை நிறுத்துவதுதான் பல வீடுகளில் பெரிய வேலை.

வீட்டு வேலைகளையும் சேர்த்து எழுத வேண்டும். புத்திமதியைவிட இந்த வேலைகள்தான் பிள்ளையின் கையைப் பழக்குகின்றன. டீக்கடைக்காரர் மகன் காலையில் ஒரு மணி நேரத்தில் முப்பது பேர் கணக்கை மனதில் வைத்துக்கொள்கிறான், காசு கொடுக்காமல் போகிறவரையும் பகைக்காமல் வசூல் செய்கிறான். எம்.பி.ஏ. வகுப்பில் அதைக் கற்பிக்கத் தனிப் பாடம் வைப்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் சிலருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சத்தத்திலேயே தெரியும். அவர்களைக் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள்.

பதினைந்து பக்கம் சேர்ந்ததும், ரசிப்பதையும் செய்வதையும் பிரிக்க வேண்டும். கிரிக்கெட் பார்ப்பது பொழுதுபோக்கு. ஆள் கிடைக்காத நாளில் சுவரில் பந்தை எறிந்து தனியாகப் பழகுகிறவன் வேறு ஆள். நான் வைக்கும் சோதனை, அந்த வேலையின் சலிப்பான பகுதியை இவன் தாங்குகிறானா என்பது. எல்லா வேலையிலும் சலிப்பான பகுதிதான் பாதிக்குமேல். ‘யூடியூபர் ஆகப்போகிறேன்’ என்று ஒரு பையன் சொன்னபோது அவன் அப்பாவைவிட நான்தான் அதிகம் முகம் சுளித்தேன். நோட்டைப் பார்த்தால், மாமாவின் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தந்துகொண்டிருந்தான். மணிக்கணக்காக ஓடும் சடங்கை நாற்பது நிமிடம் ஆக்குவது எவ்வளவு சலிப்பு என்று யோசித்துப் பாருங்கள். நான் முகம் சுளித்தது தப்பு என்று அவனிடமே சொன்னேன். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்புக்கே தனியாகப் பட்டப்படிப்பு இருக்கிறது என்பதை அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டில் நடந்தது

இவ்வளவு பேசுகிறேன், என் மகள் விஷயத்தில் நான் செய்ததைச் சொல்லாவிட்டால் இந்த வழிமுறைக்கு அர்த்தமில்லை.

அவளுக்கு 13 வயது. என் மாமியார், அவளுக்கு அம்மாயி, ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் கூடி ஒரே கலவரம். பெட்டியில் இருக்க வேண்டியதைவிட 340 ரூபாய் கூடுதலாக இருந்தது. குறைந்தால்கூடக் கைக்காசைப் போட்டு முடித்துவிடுவார்கள், கூடினால்தான் பயம். யார் பணம் என்று தெரியாதே. மகள் ரொக்கப் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் நிமிரவில்லை. அப்புறம், “அம்மாயி, இங்க பாருங்க. உள்கடன் வட்டி 170. வரவுல எழுத வேண்டியதைச் செலவுல எழுதியிருக்கீங்க” என்றாள்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். “340-ல பாதி 170. தப்பான பக்கத்துல எழுதினா ரெண்டு மடங்கு வித்தியாசம் வரும்ல? அதான் 170 எங்க இருக்குன்னு மட்டும் தேடினேன்.” கணக்கர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் தந்திரம் இது. யாரும் சொல்லித் தராமல் அவளாகக் கண்டுபிடித்திருந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் குழு நோட்டு அவளிடம்தான் வரும்.

நான் என்ன செய்தேன்? கணக்கு நன்றாக வருகிறது, நல்லது என்று சொல்லிவிட்டுப் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் குரூப் எழுதினேன். என் அம்மா ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தவர். ‘வீட்டில் ஒரு டாக்டர் இருந்திருந்தால்’ என்று அப்பா பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வீட்டுப் பயத்தையெல்லாம் கண்டுபிடிக்கிற வாத்தியாருக்குத் தன் வீட்டுப் பயம் கண்ணில் படவில்லை. முதல் முறை நீட் எழுதி 720-க்கு 238. விடவில்லை. ஒரு பயிற்சி மையத்தில் ஒரு லட்சத்துக்குமேல் கட்டி ஒரு வருடம் உட்கார வைத்தேன். அங்கே வாராவாரம் தேர்வு, சுவரில் பெயர்ப் பட்டியல், எந்த வரிசை, எந்த நாற்காலி என்பதுகூட மதிப்பெண்ணை வைத்து. இரண்டாம் முறை 291.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அவளைக் காணோம். தேடிக்கொண்டு போனால் அம்மாயி வீட்டுத் திண்ணையில் குழு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “இதுல மட்டும்தாம்பா எனக்குத் தூக்கம் வரல” என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வின் முதல் கட்டம், ஃபவுண்டேஷன் தேர்வை எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்தவரும் எழுதலாம். 4 தாள், மொத்தம் 400 மதிப்பெண், ஒவ்வொரு தாளிலும் 40-ம் மொத்தத்தில் 200-ம் வேண்டும். கணக்குப்பதிவியலை அவள் அ, ஆவிலிருந்து ஆரம்பித்தாள். முதல் தடவை ஒரு தாளில் 37, இரண்டாம் தடவை தேறினாள். இப்போது அடுத்த கட்டமான இன்டர் படிக்கிறாள். வீணாய்ப் போன அந்த வருடங்களைப் பற்றி அவள் என்னிடம் கேட்டதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நேரில் போய்ப் பார்ப்பது

நோட்டில் ஒரு திசை தெரிந்ததும், அந்த வேலை நடக்கும் இடத்தில் பிள்ளை ஒரு முழு நாள் இருக்க வேண்டும். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரு வழி கிடைக்கும். வக்கீல் ஆகணும் என்ற ஒரு பெண்ணைப் பவானி நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். சினிமாவில் பார்த்த மாதிரி மேசையைத் தட்டிப் பேசுவார்கள் என்று போனாள். காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை வாய்தா, வாய்தா, வாய்தா. திரும்பி வந்து, “பேசுறதே இல்ல சார், எல்லாரும் கேஸ் கட்டைப் பிரிச்சுத் தேதியைத்தான் தேடுறாங்க” என்றாள். முடிந்தது என்று நினைத்தேன். “ஆனா அந்தக் கட்டுல ஒரு நிலத் தகராறு முப்பது வருசக் கதை சார், குமாஸ்தா அண்ணன் படிக்கக் குடுத்தாரு” என்று அடுத்த அரைமணி நேரம் அந்தக் கதையைச் சொன்னாள். சலிப்பான பகுதியே அவளுக்கு ருசித்திருக்கிறது. ஐந்து வருடச் சட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தாள். நம் மாநிலத்தில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான், தனி நுழைவுத்தேர்வு கிடையாது.

இப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு நாள் பஸ் காசில் நான்கு வருடம் மிச்சம்.

கதவுகளும் காகிதங்களும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல ஆசைகள் பல காகிதம் இல்லாமல் செத்திருக்கின்றன.

பதினொன்றாவதில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் நிறையக் கதவுகளைத் திறந்து வைக்கும், ஆனால் சுமை அதிகம். கணிதத்தை விட்டால் இன்ஜினீயரிங் கதவு பெரும்பாலும் மூடிவிடும். இன்ஜினீயரிங் சேர்க்கைக்குப் பார்க்கும் கட்ஆஃப் மதிப்பெண் 200-க்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. கணிதத்தில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 84 என்றால் 92+40+42, ஆக 174. கணிதத்தில் ஒரு மதிப்பெண் மற்றதில் இரண்டுக்குச் சமம் என்பதைப் பத்தாவதிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

உயிர்களோடு வேலை செய்ய ஆசை இருந்து நீட் பயமாக இருந்தால், கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம் மூன்றுக்கும் மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண் போதும். மாடு ஈனும்போது பயப்படாமல் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் எங்கள் பகுதியில் நிறைய, அவர்களில் பாதிப் பேருக்குக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நூலிலும் நிறத்திலும் கை போகிற பிள்ளைக்குச் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கல்லிலும் மரத்திலும் என்றால் மாமல்லபுரத்தில் அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. படம் வரைகிறவனுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள்.

பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போனால் மூன்று வருடம், அதிலிருந்து இன்ஜினீயரிங் இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்துக்குப் போகலாம். இது ‘படிக்காத பசங்க போற வழி’ என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே பேச்சு உண்டு. 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ரயில்வே ஊழியரின் மகன், டிப்ளமோவில் தொடங்கியவர்தான். நான் இதைச் சொன்ன பிறகு ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சு கொஞ்சம் குறைந்தது, நின்றுவிடவில்லை.

அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லிருந்தும் இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றில் 2021-லிருந்தும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நடுவில் ஒன்பதாவதில் ‘நல்லா படிக்கட்டும்’ என்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுப் பன்னிரண்டாவதில் வந்து கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் இதே 6 முதல் 12 கணக்குதான், தமிழ்வழியில் படித்திருந்தால் அரசு உதவி பெறும் பள்ளியும் சேரும். முதல் பட்டதாரிச் சான்று வீட்டில் யாரும் பட்டம் பெறாதபோதுதான் கிடைக்கும், அண்ணனோ அக்காவோ பட்டதாரி ஆகிவிட்டால் தம்பிக்கு இல்லை. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாவற்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் இனிஷியல் மாறியிருந்தால் அதற்கே ஒரு மாதம் போய்விடும். கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் தர வேண்டும் என்பது விதி. மேனேஜர் வேறு மாதிரி சொன்னால் எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு மாறிவிடும்.

வீட்டில் எப்படிப் பேசுவது

இது பிள்ளைகளுக்கு. ரிசல்ட் அன்று பேசாதே, சொந்தக்காரர்கள் முன்னால் பேசாதே. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் அப்பாக்கள் ஒரு இருபது நிமிடம் மிருதுவாக இருப்பார்கள். வீட்டில் யார் சொன்னால் எடுபடும் என்று உனக்குத் தெரியும், தாய்மாமனோ பெரியத்தையோ, அவரிடம் முதலில் சொல்லிவை. ‘எனக்கு இது பிடிக்கும்’ என்று ஆரம்பிக்காதே. அவருடைய பயத்திலிருந்து ஆரம்பி. “அப்பா, மழையில தறி நின்னா வீட்டுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்” என்று என் அப்பாவிடம் நான் ஆரம்பித்திருந்தால், அந்த மூன்று வருட மௌனம் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு தாளை நீட்டு. படிப்பின் பெயர், வருடத்துக்கு எவ்வளவு, அதில் எவ்வளவு உதவி வரும், முடித்தால் முதல் சம்பளம் எங்கிருந்து வரும். நான்கே வரி.

கோவையில் வேளாண்மை கிடைத்த ஒரு பெண்ணை அவள் அப்பா அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். பணமும் படிப்பும் அவருக்குப் பிரச்சினையே இல்லை, ஹாஸ்டல்தான். அவள் வாதாடவில்லை. “ஒரு நாள் வந்து பாருங்கப்பா, புடிக்கலைன்னா திரும்பி வந்துடலாம்” என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். வார்டன் அம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க என்பது. இரண்டாவது கேள்வி, ஞாயிற்றுக்கிழமை கோழி உண்டா என்பது. இரண்டாவது கேள்வி வந்தபோதே தனக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள்.

இரண்டாவது வழி

நோட்டின் கடைசிப் பக்கங்களில், நினைத்தது கிடைக்காவிட்டால் அதே கையை வேறு எங்கே வைக்கலாம் என்று எழுத வேண்டும். கலாமைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் எந்த ஆசிரியரும் பேச்சை முடித்ததில்லை, நானும் சொல்லிவிடுகிறேன், ஆனால் மேடையில் வேகமாகத் தாண்டிப்போகும் பகுதியை. அவருடைய அப்பா ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் யாத்ரிகர்களை ஏற்றிச்செல்லப் படகு கட்டினார், பையன் பக்கத்திலிருந்து பார்த்தான். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்குச் சகோதரி ஜோஹரா நகையை அடகு வைத்தார். அவர் ஆக விரும்பியது விமானி. டேராடூனில் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்தது எட்டுப் பேரை. பறக்கும் ஆசையை அவர் தூக்கிப் போடவில்லை, ஓட்டுவதிலிருந்து கட்டுவதற்கு மாற்றிக்கொண்டார். கட்டுவதை அவர் சிறுவயதிலேயே வீட்டுக் கடற்கரையில் பார்த்திருந்தார்.

ஃபேன் பையன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து, இன்ஜினீயரிங் இரண்டாம் வருடத்தில் சேர்ந்து, இப்போது கோவையில் ஜவுளி இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறான். இன்ஜினீயர் ஆகோணும் என்ற அவன் அப்பாவின் ஆசையும் ஒரு சுற்றுச் சுற்றி நடந்துவிட்டது. தறியில் எது கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்கிற ஆள் அந்தப் பிரிவில் அவன் ஒருவன்தானாம்.

போன வருடம் அந்த அப்பா மறுபடி என் மேசைக்கு வந்தார், இளையவனோடு. நான் கேட்கும் முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டை மேசைமேல் வைத்தார். “நீங்க கேப்பீங்கன்னு பெரியவன் சொல்லி எழுதிட்டு வந்துட்டனுங்க சார், பதினஞ்சு நாளும்.” பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கோணல்மாணலாக, 5 மணி முதல் 7 மணி வரை செல்போன். 7 முதல் 8 வரை செல்போன். சாப்பாடு. 9 முதல் செல்போன். பதினைந்து பக்கமும் அப்படியே.

“செல்போன்ல என்னங்க பண்றான்?”

அவர் பையனைப் பார்த்தார். பையன் அவரைப் பார்த்தான். “அது கேக்கலீங்களே சார்.”

நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தேன். சேர்க்கை முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது.